கிணற்றடியில் கத்திய மீட்டர்

வசந்தாமணியால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. ரேஷன் கடையில் எடை குறைந்தால் கேட்பாள். பஸ் நிற்காமல் போனால் டிப்போவுக்கே போய்க் கேட்பாள். ராசிபுரம் பக்கம் நான்குவழிச் சாலையை ஒட்டி அவர்கள் காடு. கொஞ்சம் சோளம், ஒரு கிணறு, கறவை மாடுகள். புருஷன் சின்னுசாமி லாரிப் பட்டறைக்குப் போய்விடுவான். மாடுகள் அவள் பொறுப்பு.

ஆவணியில் ஒரு பெட்ரோல் டேங்கர் அவர்கள் காட்டுக்கு எதிரே பள்ளத்தில் கவிழ்ந்தது. தீயணைப்பு வண்டி வந்து நுரை அடித்தது. கம்பெனி ஆட்கள் ரோட்டில் மணலைக் கொட்டி, வாரி, மூட்டை கட்டிப் போனார்கள். பெட்ரோல் ஆவி பட்டால் கத்தும் மீட்டரை வைத்துக் காற்றைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்றார்கள். சாயங்காலமே வண்டிகள் ஓடின. பெட்ரோல் ஊறிய பள்ளத்து மண்ணை யாரும் தோண்டவில்லை.

அந்த வாரக் கடைசியில், மாட்டுக்குத் தண்ணீர் எடுக்க மோட்டார் சுவிட்ச்சில் கை வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். கிணற்றிலிருந்து பெட்ரோல் வாசம் குப்பென்று அடித்தது.

ரோட்டோரம் கம்பெனி ஆள் பிரபாகர் மறுபடியும் காற்றைச் சோதித்துக்கொண்டிருந்தான். அவனிடம் ஓடினாள்.

"தம்பி, இந்த மிசினக் கொண்டாந்து எங்க கெணத்துல கொஞ்சம் பாருங்க."

"எங்களுக்கு ரோடு மட்டுந்தானுங்கம்மா சொல்லியிருக்காங்க."

"ரோட்டையா மாடு குடிக்குது, சாமி?"

அரை மனதோடு வந்தான். மீட்டரின் குழாயைக் கிணற்றுக்குள் விட்டதும் அது விடாமல் கத்தியது. அவன் குழாயை வெடுக்கென்று வெளியே இழுத்தான்.

"மோட்டாரத் தொட்டுறாதீங்கம்மா, ஒரு பொறி போதும். ஊட்டுல அடுப்பும் பத்த வெக்காதீங்க."

அதிகாரிகள் வந்தார்கள். கிணற்றைத் தகரம் போட்டு மூடினார்கள். சோதனை முடியும்வரை அக்கம்பக்கத்துக் கிணறுகளிலும் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றார்கள். மறுநாள் காலையில் பால் சொசைட்டி அந்த வளவு வீடுகளின் பால் முழுவதையும் திருப்பி அனுப்பியது.

பக்கத்துக் காட்டு வள்ளியாத்தாள் கேனோடு வந்து, வசந்தாமணி வாசலிலேயே பாலைக் கொட்டினாள்.

"உன்ற கெணறுதான கெட்டுது? எங்களையும் எதுக்குடி சேத்து இழுத்த?"

"வெடிச்சிருந்தா என்னக்கா பண்றது?"

"வெடிச்சா நீ ஒருத்தி போயிருப்ப."



மற்றக் கிணறுகளில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் சொசைட்டி அந்த வீட்டுக்காரர்களின் பாலை வாங்கிக்கொண்டது. வசந்தாமணி பாலை மட்டும் வாங்கவில்லை. ரோட்டோடு தங்கள் வேலை முடிந்தது என்று கம்பெனி கைகழுவியது. பிரபாகரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். போன் போட்டால் எடுப்பதில்லை. மாடுகளைச் சந்தையில் விற்றுவிட்டு அவள் நூல் மில்லுக்கு ஷிப்டுக்குப் போகிறாள். மழை பெய்தால் தகரத்தடியிலிருந்து இன்னும் வாசம் வருகிறது.

தை மாதம் வள்ளியாத்தாள் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையை வீட்டுக்கு வராமல் சின்னுசாமியிடம் பட்டறையில் கொடுத்திருந்தார்கள். அவன் மட்டும் போய் வந்தான்.

"ஏனுங்க, பந்தியில என்னென்ன போட்டாங்க?" என்று கேட்டாள்.

"எல்லாந்தான்" என்றான் அவன், விலைக்கு வாங்கிய லாரித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டே.