நிழற்குடைக்கு எந்த நிறம்

எங்கள் கலைக்குழு சமத்துவத்தை வரைய எடுத்துக்கொண்ட இடம், தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றின் பேருந்து நிழற்குடை. ஊர்க்காரர்கள் உள்ளே உட்காருவார்கள். காலனிக்காரர்கள் வெளியே வெயிலில் நிற்பார்கள். யாரும் தடுத்ததில்லை என்பார்கள். யாரும் உட்கார்ந்ததும் இல்லை. காலனி அக்கா ஒருத்தி, சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கப் போகிறவள், தினமும் பீடித்தட்டைத் தலைக்கு மேல் பிடித்தபடி நிற்பாள். அவளை உள்ளே உட்காரவைப்பதுதான் எங்கள் திட்டம். அவளிடம் கேட்கவில்லை. கலைஞர்கள் அப்படித்தான்.

குழுவில் மற்றவர்கள் படித்தவர்கள். நான் எட்டாவதோடு நின்று, கட்சிகளுக்குச் சுவர் எழுதிப் பிழைத்தவன். அதனால் அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு வண்ணச் சோடி உண்டு. மின்கம்பத்தில் இருக்கும், பள்ளிப் பிள்ளைகளின் கைக்கயிற்றில் இருக்கும். தப்பான இரண்டு நிறம் பக்கத்தில் வந்துவிட்டால் நம் படம் சாதி மாநாட்டு விளம்பரமாகிவிடும்.

கைகோத்து நிற்கும் ஏழு குழந்தைகள்தான் படம். குழுத்தலைவி அதில் ஒரு சிறுமியின் பாவாடைக்கு மஞ்சள், கரைக்குச் சிவப்பு என்றார். அது ஒரு சாதியின் சோடி. பச்சையைக் கலந்தேன். பக்கத்துச் சட்டையோடு சேர்த்துப் பார்த்தால் அதுவும் யாருடையதோ. பயந்து பயந்து எல்லாவற்றிலும் எல்லாவற்றையும் கலந்தேன். மூன்றாம் நாள், சுவரில் கைகோத்து நின்ற ஏழு குழந்தைகளும் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தார்கள். மிச்சத்தை உட்காரும் திண்டுக்கும் அடித்துவிட்டேன்.

ஊர் அண்ணாச்சிகள் இரண்டு பேர் வந்து, மூக்கு சுவரில் முட்டும்படி பார்த்தார்கள்.

"ஏம்வே, இது யாரு கலரு?"

"யாரு கலரும் இல்ல அண்ணாச்சி."

"அப்படி ஒரு கலரு உண்டுமாவே?"

"பைய பாரும்வே," என்றார் மற்றவர். "நம்மள ஏய்க்கதுக்கு உள்ள என்னமோ வச்சிருக்கான்."

பழக்கதோஷத்தில் 'ஈரம், உட்காராதீர்' என்று ஒரு அட்டையில் எழுதித் திண்டின்மேல் சாத்தியிருந்தேன். பதினோரு மணி வெயிலில் வந்த அக்கா, அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இது யாருக்கு அண்ணாச்சி? எங்களுக்கு எழுதாமலே தெரியும்லா."

மூன்று நாள் வரைந்து, கடைசியில் ஊர் வாய்விட்டுச் சொல்லாததை நான் எழுதியே வைத்திருக்கிறேன். அட்டையை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"நெசமாவே ஈரந்தான்க்கா. சாயங்காலம் காஞ்சிரும்."

"நான் சாயங்கால பஸ்ஸுக்கா நிக்கேன்?"

தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணாச்சிகளுக்கு நேர் எதிரே ஈரத் திண்டில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, சேலை போச்சே!" என்றார் ஒருவர். வேறெதையோ சொல்ல வாய் திறந்தவருக்கு அதுதான் வந்தது.

"போவட்டும். உம்ம வீட்டுச் சேலையா?"

பேருந்தில் ஏறும்போது அவள் பின்பக்கம் முழுக்க என் கருப்பட்டிக் காப்பி. குழுவினர் கைதட்டினார்கள். எனக்குச் சேலைக் கவலை.

மறுநாள் சேலைக் கறை எடுக்க ஒரு குப்பி மண்ணெண்ணெயோடு போய் நின்றேன். திண்டு காய்ந்திருந்தது, நடுவில் சேலை மடிப்பின் தடம். வந்தவள் அதன்மேலேயே உட்கார்ந்தாள். குப்பியை நீட்டினேன்.

"இத அந்தச் சொவத்துல ஊத்தும். பிள்ளைய மூஞ்சியப் பாக்கச் சகிக்கல."