மூன்று முறை எரிந்த ரெசிஸ்டர்

இலாரியா வாராச்சியை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் முகம் தெரியவில்லை. ஒரு லாரியின் திறந்த கதவுக்கு வெளியே இரண்டு ரப்பர் செருப்பும் மூன்றடுக்குப் பாவாடையின் ஓரமும் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மிச்ச உடம்பு டேஷ்போர்டுக்கு அடியில் இருந்தது. வட்டத் தொப்பியைக் கழற்றி ஸ்டீயரிங்கில் மாட்டியிருந்தார்.

படகமாயா ஊர் லாரிக்காரர் சங்கத்தில் நான் எழுத்தராகச் சேர்ந்து அன்றைக்கு இரண்டாம் நாள். ஒரு காகிதத்தில் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

"சங்கத்துல இருந்து வர்றேங்க. எல்மெர் சோக்கே. ஒருரோ நகரத்துல பட்டம் முடிச்சிருக்கேன்" என்றேன். கேட்காமலே சொன்னேன்.

"பட்டதாரியா? நல்லதாப் போச்சு" என்றது டேஷ்போர்டு. "டார்ச் பிடிக்கத் தெரியுமா?"

பிடித்தேன். எங்கள் கிராமத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய அன்று ஊரே கூடி கம்பளிக்கு வளர்க்கிற லாமா மிருகம் ஒன்றை அடித்து விருந்து வைத்தது. அந்தப் பட்டத்தோடு நான் செய்த முதல் உருப்படியான காரியம் அவருக்கு டார்ச் பிடித்தது. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

இலாரியா ஞாயிற்றுச் சந்தையில் ரேடியோ பழுதுபார்த்துத் தொழிலுக்கு வந்தவர். வீட்டு ரேடியோவில் தொடங்கி, பிறகு லாரி ரேடியோ. ரேடியோவைக் கழற்ற உள்ளே கை விட்டவர், அதற்குப் பின்னால் ஓடுகிற வயர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் புரிந்துகொண்டார். பத்து வருடத்தில் சாலையோரம் பச்சைக் கதவோடு சொந்தக் கடை வைத்துவிட்டார். பாவாடை கட்டிய பொம்பளையிடம் வண்டியை விடுவதா என்று முறைத்துக்கொண்டு போனவர்கள், அடுத்த குளிருக்குள் திரும்பி வந்தார்கள்.

எங்கள் லாரிகள் சிலி நாட்டு எல்லைக்கு ஏறுகிற பாதையில் ஹீட்டர் சொகுசுக்கு இல்லை. நாலாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில் ஓட்டுகிறவன் விடுகிற மூச்சு கண்ணாடியின் உள்பக்கத்திலேயே உறைந்துவிடும். ஹீட்டர் ஃபேன் நின்றால் பாதை தெரியாது. அதனால் ஒவ்வொரு மே மாதமும், உறைபனிக்கு முன்னால், அறுபது வண்டியையும் சோதிக்க ஒரே ஒரு எலக்ட்ரீஷியனைச் சங்கம் கூடித் தேர்ந்தெடுக்கும். அந்த வருடம் இலாரியாவின் பெயரைச் சொல்லியிருந்தார்கள். இதற்கு முன் ஒரு பெண்ணின் பெயர் அந்த இடம் வரை வந்ததில்லை. கூட்டம் சனிக்கிழமை.

வியாழக்கிழமை காலை சங்கத்து லாரிக்காரர் செவெரோ காலிசாயா வந்து சேர்ந்தார்.

செவெரோ கத்திப் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்குக் கத்தினார். வண்டியைக் கடை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, பக்கத்து பங்கில் டீசல் போட வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி கத்தினார்.

"கொமாத்ரே! வெளிய வா! நீ வச்ச சாமான் மூணாவது தடவையா எரிஞ்சு போச்சு!"

ஞான உறவில் பெண்ணைக் கொமாத்ரே என்றும் ஆணைக் கொம்பாத்ரே என்றும் கூப்பிடுவது எங்கள் வழக்கம்; செவெரோவுக்கு அந்த உரிமை உண்டு. அவருடைய லாரிக்கு இலாரியாதான் ஞானத்தாய். கார்னிவல் திருவிழாச் செவ்வாயன்று வண்டிக்குச் சடங்கு செய்தபோது சக்கரத்தில் பீர் ஊற்றி, முகப்பில் பூ கட்டி, முன்கண்ணாடி மறைகிற அளவுக்கு வண்ணக் காகிதத்தூளைக் கொட்டியது அவர்தான்.

"ஃபேன் எத்தனாவது ஸ்பீடுல ஓடுது கொம்பாத்ரே?" என்று கையைத் துடைத்தபடி வந்தார் இலாரியா.

"ஒண்ணு, ரெண்டு, மூணு செத்துப் போச்சு. நாலுல போட்டா கிழவி மாதிரி முனகுது. நேத்து எல்லைக்கு ஏறுறப்போ கண்ணாடி முழுக்க உறைஞ்சிடுச்சு. ஒரு கையில ஸ்டீயரிங், ஒரு கையில லைசென்ஸ் அட்டை. சுரண்டிச் சுரண்டிப் போனேன். எதிர்ல டேங்கர் வந்திருந்தா இன்னைக்கு நீ எனக்காகக் கறுப்புச் சால்வை போர்த்தியிருப்ப!"

டீசல் வரிசையிலிருந்து ஒரு குரல்: "இவங்களா அறுபது வண்டியப் பார்க்கப் போறாங்க?"

இன்னொன்று: "சூப்பு காய்ச்சச் சொல்லுங்கப்பா, அது நல்லா வரும்!"

"சூப்பு என் புருஷன் காய்ச்சுவாரு. உன்னைவிட நல்லாவே காய்ச்சுவாரு" என்றார் இலாரியா, திரும்பிப் பார்க்காமலே. ஆனால் முகம் வெளுத்திருந்தது.

ஃபேனின் முதல் மூன்று வேகத்துக்கும் மின்சாரம் ஒரு விரல் நீள ரெசிஸ்டர் வழியாகத்தான் போகும். அது எரிந்தால் நாலாம் வேகம் மட்டும் மிஞ்சும். மார்ச்சில் எரிந்தது, மாற்றினார். மூன்றே வாரத்தில் மறுபடி எரிந்தது, மறுபடி மாற்றினார். இப்போது இது.

"பட்டதாரி, டார்ச்!"

உள்ளே படுத்தார். நான் அவர் தலைமாட்டில் குனிந்து நின்றேன். ரெசிஸ்டரைக் கழற்றினார். கறுத்திருந்தது, ப்ளக்கும் உருகியிருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, என்னை நாலாம் வேகத்தைப் போடச் சொல்லி மோட்டார் வயரில் மீட்டரைச் செருகினார்.

"எவ்வளவு காட்டுது?"

"பதினாலு ஆம்பியர்."

"ஆறு, ஏழு போதும் இதுக்கு." மீட்டரை உருவினார். "ரெண்டு தடவையும் எரிஞ்சதைப் பார்த்தேன். எரிச்சது எதுன்னு பார்க்கல. மடச்சி."

மூன்று ஸ்க்ரூவைத் தளர்த்தி மோட்டாரை ஃபேனோடு கீழே இறக்கினார். டார்ச் வெளிச்சத்தில் இருவரும் பார்த்தோம். ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே ரோஸ், மஞ்சள், பச்சை, ஊதா. மழையில் ஊறிக் கூழாகி, பிறகு காய்ந்து அப்பியிருந்த காகிதத்தூள். நடுவே ஓரிரண்டு பூவிதழ்கூட.

சடங்கில் கொட்டியதை எங்கள் ஆட்கள் யாரும் கூட்ட மாட்டார்கள். கூட்டினால் அதிர்ஷ்டத்தையும் சேர்த்துக் கூட்டியது போல. காற்றே கொண்டுபோகட்டும் என்று விட்டுவிடுவார்கள். இந்த லாரியில் காற்று அதைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற சல்லடை வழியாக உள்ளே கொண்டுபோயிருந்தது. அப்பிய கூழ் கூட்டில் உரசி ஃபேன் திணறியது, மோட்டார் இரண்டு மடங்கு இழுத்தது, காற்றோட்டம் இல்லாத ரெசிஸ்டர் கருகியது.

கொட்டிய கை எதுவென்று இருவருக்குமே தெரியும்.

வெளியே இன்னும் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் குரலைத் தாழ்த்தினேன். "தோன்யா இலாரியா, நீங்களும் நானும்தான் பார்த்தோம். துடைச்சிடுங்க. மோட்டார் பழசு, மாத்தியாச்சுன்னு சொல்லிடலாம். சனிக்கிழமை கூட்டம் இருக்கு."

அவர் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார்.

"உன் பட்டத்தை இப்படித்தான் வாங்கினியா?"

எனக்குக் காது சுட்டது.

ஃபேனை இரண்டு கையாலும் ஏந்தியபடி வெளியே வந்து படியில் நின்று தூக்கிக் காட்டினார். வெயிலில் அது கோவில் பல்லக்கு மாதிரி மின்னியது. வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் பாருங்க. சாமான் மேல தப்பில்ல. இது கார்னிவல் காகிதம். இதைக் கொட்டினது நான். ரெண்டு பை. மோட்டார அளந்து பார்க்காம ரெண்டு தடவை ரெசிஸ்டர் மாத்தினதும் நான். கொம்பாத்ரே, நேத்து நீ செத்திருந்தா அது என் கையாலதான்."

செவெரோ அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நான்தானே, 'இன்னும் கொட்டு, இன்னும் கொட்டு'ன்னேன்" என்றார் மெதுவாக.

"கார்னிவல் இன்னுமா முடியல?" என்றது டீசல் வரிசை. இப்போது அடித்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

இலாரியா இறக்கை இறக்கையாகத் தூரிகையால் தேய்த்துக் கழுவினார். புது ரெசிஸ்டர், புது ப்ளக். மீட்டர் ஆறரை காட்டியது. செவெரோ ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஒவ்வொன்றாகத் திருப்பி, உள்ளங்கையைக் காற்றில் வைத்துப் பார்த்து, மறுபடி ஒன்றுக்கு வந்தார். அதற்குள் முனகல் கேட்கிற இன்னும் இரண்டு லாரி வரிசையை விட்டுப் பச்சைக் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. சூப்பு காய்ச்சச் சொன்னவனுடையது அதில் ஒன்று. அதற்குள்ளிருந்தும் ரோஸ் காகிதம்தான் வந்தது.

சனிக்கிழமை கூட்டத்தில் முதலில் கை தூக்கியது செவெரோ. "தன் தப்ப நடுரோட்டுல தூக்கிக் காட்டுற ஆள்கிட்ட என் உசிர விடுவேன்" என்றார். அறுபதில் நாற்பத்தேழு கை எழுந்தது. அந்தத் தீர்மானத்தை என் கையால் எழுதினேன். நடந்ததை நடந்தபடியே எழுதினேன், காகிதத்தூள் உட்பட.

அடுத்த கார்னிவல் செவ்வாயன்று, சடங்குக்கு முன்பே, இலாரியா கொசுவலைத் துணித் துண்டுகளோடு லாரி லாரியாகப் போய்ச் சல்லடைகளை மூடினார். சடங்கு செய்கிற பெரியவருக்குக் கோபம். "வண்டியோட மூக்க அடைச்சா ஆசீர்வாதம் எப்படிம்மா உள்ள போகும்?"

"சக்கரத்துல ஊத்துங்க சாமி. ஓடுறது அதுதானே."

பெரியவர் யோசித்துவிட்டு, சக்கரத்தில் கூடுதலாக ஒரு பாட்டில் ஊற்றினார்.

இலாரியா வாராச்சிக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. எல்லைச் சாலை பிரிகிற இடத்தில் அதே பச்சைக் கதவுக் கடையில் இருக்கிறார். ஆறு வருடமாகச் சங்கத்தின் அறுபது வண்டிகளையும் அவர்தான் சோதிக்கிறார்.