சங்கரன்கோவிலில் ஒரு பியானோவும் இரண்டு வாசிப்பாளர்களும்

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் பியானோ பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். சங்கரன்கோவிலில் ஒரு மிஷன் பள்ளி மண்டபத்தில் கச்சேரி என்று கூப்பிட்டார்கள். மதுரையிலிருந்து நூற்றிருபது கிலோமீட்டர் சொச்சம். ராஜபாளையம் வரை நின்றுகொண்டே போனேன். அதற்கப்புறம் இடம் கிடைத்தது, ஆனால் ஜன்னல் மூடவில்லை. கரிசல் புழுதியோடுதான் இறங்கினேன்.

சுருதி கூட்டி முடித்ததும் ரோஸ்லின் டீச்சர் வந்தார். இடது முழங்காலில் கட்டு, கையில் கம்பு. பிள்ளைகளின் பாட்டுக்கு அவர்தான் வாசிக்கிறார். இரண்டு வரி வாசித்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, கண்டாமணி அடிச்ச மாதிரி கேக்கு. பிள்ளையள் குரல் அமுங்கிப் போயிருமே” என்றார்.

பியானோவில் கம்பியைத் தட்டுவது கம்பளி சுற்றிய சிறு சுத்தியல்கள். கம்பளியை ஊசியால் குத்தினால் நாதம் மென்மையாகும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கணீரென்று ஆகும். ஒவ்வொன்றாகக் குத்தி முடித்தேன். டீச்சர் திருப்தியாகப் போனார்.

அடுத்து அவர் தம்பி ஜேம்ஸ். பம்பாயில் ஓட்டலில் வாசிப்பவர், தனி வாசிப்புக்காகவே ஊருக்கு வந்திருந்தார். “போர்வையைப் போத்தி விட்டுட்டியளா? கடைசி பெஞ்சுக்கு எங்கன கேக்கும்?” தேய்த்தேன். பக்கத்து அறையிலிருந்து அதைக் கேட்டுவிட்டு டீச்சர் திரும்பி வந்தார். மறுபடி குத்தினேன். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி ஜேம்ஸ்.

கம்பளி ஏற்கெனவே மெலிந்தது. அது கிழிந்தால் அன்றைய கச்சேரி அவ்வளவுதான். புதுச் சுத்தியல் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். எரிச்சலில் பையை மூடிவிட்டேன். “ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. இனி ஊசியையும் தொட மாட்டேன், தாளையும் தொட மாட்டேன்.”

ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் நானே இறங்கி வந்தேன். இடது பெடலை அமுக்கினால் சுத்தியல்கள் சற்று நகர்ந்து, கம்பளியின் வேறு இடம் கம்பியில் படும். அந்த இடத்தை மட்டும் குத்தி, வழக்கமாகப் படும் இடத்தைத் தேய்த்துவிட்டேன். “தம்பி சும்மா வாசிக்கட்டும். நீங்க பெடலை அமுக்கிக்கிட்டே வாசிங்க.”

“இந்தக் காலை வச்சா?” என்றார் டீச்சர்.

அதை நான் யோசிக்கவே இல்லை. ஜேம்ஸ் குனிந்து பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். “நான் அமுக்குதேன், அக்கா.”

சாயங்காலம் கோட்டும் டையுமாக அக்காவின் காலடியில் தரையில் உட்கார்ந்து கையால் அமுக்கினார். மூன்றாவது பாட்டில் கை வலித்து விட்டுவிட்டார், சத்தம் எகிறியது. வாசிப்பை நிறுத்தாமல் டீச்சர், “அமுக்குலே” என்றது முன்வரிசை வரை கேட்டது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பாடினார்கள். ஜேம்ஸும் சிரித்தார்.

இந்த வேலையாகப் பயணம் போகிறவர்களுக்கு: வாசிக்கப்போகிற எல்லாரும் ஒன்றாக வந்து உட்காரும் வரை பியானோவைத் திறக்காதீர்கள். கச்சேரி முடிந்ததும் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுங்கள். நான் விடைபெறப் போய் நின்றேன். “எல்லாம் நல்லா இருந்திச்சு அண்ணாச்சி” என்றார் டீச்சர். “மேல்ஸ்தாயிக் கட்டைய மட்டும் இன்னும் ஒரு பொடி மெத்துன்னு...”