திருவுளச்சீட்டில் இல்லாத படிப்பு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சாட்சி சொல்லத்தான் வந்திருக்கேன். ஆனா நல்ல வார்த்தையா ஆரம்பிக்க வரல. வயித்தெரிச்சலோடதான் ஆரம்பிப்பேன், பொறுத்துக்கிடுங்க.

என் மக ஜெனிட்டாவை உங்களுக்குத் தெரியும்லா. லீவுல நடக்கிற வேதாகமப் பள்ளியில கதை சொல்லி, சின்னப் பிள்ளைகளை ஆடாம அசையாம உட்கார வைக்கிறவ. அவளுக்கு டிஸ்லெக்ஸியா. புத்தி நல்லாத்தான் இருக்கு, எழுத்தைப் பார்த்தாத்தான் தடுமாறும். வீட்டு ஜெபத்துல ஆளுக்கொரு வசனம் வாசிப்போம். அவ முறை வாரதுக்குள்ள தண்ணி குடிக்கணும்னு எந்திரிச்சுப் போயிருவா. பிளஸ் டூ பரீட்சையை அவ சொல்லச் சொல்ல இன்னொருத்தர்தான் எழுதுனாங்க. அந்த அனுமதிக்கு அலைஞ்ச அலைச்சல் எனக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

போன வருஷம் ரிசல்ட் வந்ததும் ஊர்ப்பட்ட பேருக்கு அக்கறை வந்துட்டு. நாசரேத்துல இருக்கிற மதினி, "நர்சிங் சேரு, அதுவும் ஊழியம்தான்"ங்கா. ஹார்பர்ல வேலை பார்க்கிற என் வீட்டுக்காரரு, "பி.காம். படிச்சா ஏதாவது ஷிப்பிங் ஆபீஸ்ல சேர்த்துரலாம்"ங்காரு. பக்கத்து வீட்டுக்காரி, "வாசிக்கவே வராதவளுக்கு காலேஜ் எதுக்கு, தையல் படிக்கட்டும்"னு சொல்லிட்டு, நான் போட்ட காப்பியையும் குடிச்சிட்டுப் போனா. இவ மட்டும், "நான் பி.ஏ. வரலாறு படிக்கேம்மா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. யாரு காதுல ஏறுச்சு? தடி தடியா புத்தகம் இருக்கிற படிப்பைப் போய்க் கேக்காளேன்னு எனக்கே பயமாப் போச்சு.

கடைசியில என் வீட்டுக்காரரோட அண்ணன், நான் அத்தான்னு கூப்பிடுறவரு, வந்தாரு. "திருவுளச்சீட்டு போடுவோம், கர்த்தருடைய சித்தம் தெரிஞ்சுரும்"னாரு. சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டாரு. முழங்கால் போட்டு ஜெபிச்சோம். எடுத்தா பி.காம். எல்லாரும் அல்லேலூயான்னாங்க. ஜெனிட்டா மெதுவாக் கேட்டா, "பெரியப்பா, வரலாறுன்னு ஒரு சீட்டு எழுதுனீங்களா?"

நான் சீட்டை எல்லாம் பிரிச்சுப் பார்த்தேன். எழுதவே இல்ல! வந்துச்சு பாருங்க எனக்கு ஒரு கோவம். "போடாத சீட்டைக் கர்த்தர் எங்க இருந்து அத்தான் எடுப்பாரு?"ன்னு கேட்டுட்டேன். அதுக்குள்ள பிள்ளை எந்திரிச்சுப் போய்க் கதவைச் சாத்திட்டா. "எனக்கு காலேஜே வேண்டாம்"னுட்டா. சோத்தையும் தொடல.

அடுப்படியில நின்னுக்கிட்டே ஜெபிச்சேன். அது ஜெபம்கூட இல்ல, சண்டை. "ஆண்டவரே, இவளுக்கு வாசிக்க வரணும்னு கேட்டுக் கேட்டு என் தொண்டை வத்திட்டு. நீரு குடுக்கல. சரி. அவ ஆசைப்படுறதைப் படிக்க ஒரு வழியாவது காட்டும். இல்லைன்னா இவங்க வாயையாவது கட்டிப்போடும்!"

மறுநாள் யாருகிட்டயும் சொல்லாம அவளை இழுத்துக்கிட்டு ஒரு காலேஜுக்குப் போனேன். வரலாறு துறைத்தலைவர் மேடம் மீட்டிங்ல இருக்காங்கன்னு வெளிய உட்கார வச்சுட்டாங்க. அதுக்கும் எனக்கு எரிச்சல். பக்கத்துல கண் தெரியாத ஒரு மாணவி, காதுல ஒயரை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா. ஜெனிட்டா சும்மா இருப்பாளா? "என்ன பாட்டு அக்கா கேக்கீங்க?"ன்னா. "பாட்டு இல்லப்பா, வரலாறு பாடம். இங்க எங்களுக்காகப் புத்தகத்தை எல்லாம் வாசிச்சுப் பதிவு பண்ணி வச்சிருக்காங்க"ன்னா அந்தப் பிள்ளை.

ஜெனிட்டா ஒரு பக்கத்து ஒயரை வாங்கித் தன் காதுல மாட்டுனா. கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரும் கொற்கையில முத்து வித்த கதையை வாய் ஓயாமப் பேசுதாங்க. நான் முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதேன். மீட்டிங் சீக்கிரம் முடிஞ்சிருந்தா அந்தப் பிள்ளையை நாங்க பார்த்தே இருக்க மாட்டோம்.

மேடம் வந்ததும் நான் எல்லாத்தையும் சொன்னேன். இவ காதுல கேட்ட பாடத்தைச் சொல்லச் சொன்னாங்க. இவ நிறுத்தாம சொன்னா. "அந்தப் பதிவுகளை நீயும் கேக்கலாம்மா, பரீட்சைக்கு எழுதவும் ஆள் வச்சுக்கலாம்"னு சொல்லி வரலாறுலயே சேர்த்துக்கிட்டாங்க.

இப்போ சமைக்கும்போதுகூட எங்கிட்ட பாண்டியன், டச்சுக்காரன்னு பாடம் நடத்துதா. அத்தான், "நான் ஜெபிச்சதாலதான் இடம் கிடைச்சுது"ங்காரு. இருந்துட்டுப் போகட்டும். அவளுக்கு வாசிக்க வரணும்னு நான் கேட்டது இன்னும் நடக்கல. பஸ் போர்டை இன்னமும் பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட கேட்டுத்தான் ஏறுதா. ஆனா சிரிச்சுக்கிட்டு ஏறுதா. அதுக்கு என் தேவனுக்கு கோடி ஸ்தோத்திரம்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பிள்ளை இருந்தா, உங்க கோவத்தை எல்லாம் ஆண்டவர்கிட்ட கொண்டுபோய்க் கொட்டுங்க. அவரு தாங்கிக்கிடுவாரு. பிள்ளைகதான் தாங்காது.