மச்சான் முறுக்கிய நட்டு

ஓசூரில் எங்கள் வாடகை வீட்டின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, பழைய ஃபிளக்ஸ் துணி போர்த்திய ஒரு கரி அடுப்பு இருக்கிறது. இரும்பு டிரம்மை நெடுக்காக அறுத்துச் செய்தது. அதன் குறுக்கே ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. கம்பியின் ஒரு முனையில் காரின் வைப்பர் மோட்டார், மறு முனைக்குப் பக்கத்தில் ஒரு கிளாம்ப், கிளாம்ப்பிலிருந்து விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டில் ஒரு கனத்த நட்டு. அந்த நட்டைக் கடைசியாக முறுக்கியவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். இந்தத் தை மாதம் வரை அந்தத் துணியை விலக்க எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

மச்சான் போச்சம்பள்ளியில் ஒரு மோட்டார் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தார். பாரூர் ஏரிப் பக்கம் தனியாக வீடு. கல்யாணப் பேச்சை எடுத்தால், "ஷிப்ட் முடியட்டும் மாப்ள, பாத்துக்கலாம்" என்பார். அந்த ஷிப்ட் முடியவே இல்லை. மாமனாரும் மாமியாரும் போன பிறகு, என் மனைவிக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அவர் ஒருவர்தான். அதை அவரும் அறிந்திருந்தார் என்பதால் பொங்கல் சீர் ஒரு வருஷமும் தவறியதில்லை. பைக்கின் பக்கவாட்டில் கரும்பைக் கட்டி, மடியில் மஞ்சள் கொத்தும் பச்சரிசிப் பையும் வைத்துக்கொண்டு, பனியில் மீசை நனைந்து வந்து இறங்குவார். கரும்புத் தோகை ஹைவே முழுக்க உரசிக் கிழிந்திருக்கும். "பஸ்ல வந்தா என்ன கேடு?" என்று தங்கை வாசலிலேயே சண்டைக்கு நிற்பாள். அந்தச் சண்டைக்காகவே அவர் பைக்கில் வந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு வருஷம் சீரோடு வான்கோழியின் நெஞ்சுக்கறியும் வந்தது. எங்கள் விருதுநகர்ப் பக்கம் சீர்வரிசையில் என்னென்னவோ வைப்பார்கள், வான்கோழியை வைத்து நான் கேள்விப்பட்டதில்லை. அவர் கம்பெனிக்கு மெஷின் பொருத்த வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர், தன் வீட்டுத் தோட்டத்தில் கரி அடுப்பின் மேல் வான்கோழிக் கறி தானாகச் சுற்றி வேகும் வீடியோவைக் காட்டியிருக்கிறார். நம் ஆளுக்குக் கண் கறியில் இல்லை, அதைச் சுற்றும் கம்பியில். "இதுக்கு ஒரு வைப்பர் மோட்டார் போதும்" என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பில் வான்கோழி வளர்க்கும் ஒருவரைப் பிடித்து, முழுக் கோழி அடுப்புக்கு அடங்காதென்று நெஞ்சுக்கறியை மட்டும் எலும்போடு வாங்கிவந்தார். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், கரிநாள். கம்பெனிகளெல்லாம் லீவு. தெற்கத்திக்காரர்கள் ஊருக்குப் போய்விட, தெருவே காலியாகக் கிடந்தது. வான்கோழிக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

முதல் வருஷம் கார் பேட்டரியை நேராக மோட்டாரில் கொடுத்துவிட்டார். மழையில் கண்ணாடியைத் துடைக்கும் வேகம் அப்படியே கம்பிக்கு வந்தது. மிளகும் பூண்டும் தயிரும் அரைத்துப் பூசிய மசாலா நாலாபக்கமும் பறந்து, ஓனரம்மா காயப்போட்டிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளில் போய் விழுந்தது. கன்னடக்கார ஓனரம்மா மேலே வந்து, "ஏனப்பா இது, என்ன இது!" என்று நெஞ்சில் கை வைத்து நின்றார். மச்சான் அசரவில்லை. "அம்மா, ஸ்பீடு மட்டும்தாம்மா ஜாஸ்தி, மசாலா கரெக்டு" என்றார். விரிப்புகளை நானும் அவரும்தான் துவைத்தோம்.

அடுத்த வருஷம் சின்ன அடாப்டர் போட்டு வேகத்தைக் குறைத்தார். அப்போது வேறு வம்பு வந்தது. வேகம் குறைந்ததும் மோட்டாரின் பலமும் குறைந்துவிட்டது. நெஞ்சுக்கறி ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்குமல்லவா? தடித்த பக்கத்தைத் தூக்க முடியாமல் கம்பி பாதிச் சுற்றில் முனகிக்கொண்டு நின்றது. அதற்குத்தான் அந்த நட்டு. மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கறியோடு கம்பியைச் சும்மா உருள விடுவார். கனத்த பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் நட்டு வரும்படி கிளாம்ப்பைத் திருப்பி, நட்டை முறுக்கி இறுக்குவார். பிறகு எங்கே நிறுத்தினாலும் கம்பி அங்கேயே நிற்கும். நிற்கிறதென்று தெரிந்ததும் ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே நான் ஸ்பேனரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

கரியை இரண்டு ஓரமும் ஒதுக்கிவிட்டு, நடுவே சொட்டும் நெய்யைப் பிடிக்கத் தண்ணீர்த் தட்டு வைப்பார். முதல் நாளே உப்புத் தண்ணீரில் ஊறிய கறி, மெதுவாகச் சுற்றிச் சுற்றி, வெண்ணெய் தடவத் தடவப் பொன்னிறமாகும். நெஞ்சுக்கறி கொஞ்சம் அதிகம் வெந்தாலும் சக்கையாகிவிடும். அதனால் அடுப்பை விட்டு நகரமாட்டார். நான் பொறுமை இழந்து வெந்துவிட்டதா என்று கேட்டால், "கறியக் கேளு மாப்ள, என்னக் கேக்காத" என்பார். இறக்கியதும் வெட்ட விடமாட்டார். சாறு உள்ளே அடங்கட்டும் என்று மூடிவைப்பார். முதல் துண்டு எப்போதும் தங்கையின் தட்டில்தான். மாப்பிள்ளை நான் இருக்கிறேனே என்பேன். "சீரு உனக்கா வருது? அவளுக்கு வருது" என்பார். முறுகிய தோலும், உள்ளே வெண்மையாக, ஈரமாக இருந்த கறியும் இன்னும் நாக்கில் இருக்கின்றன. அதைவிடக் காதில் அந்தப் பேச்சு இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன், நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் கண்ணயர்ந்த மச்சானை, இறங்கும் இடம் வந்ததென்று எழுப்பியிருக்கிறார்கள். எழவில்லை. அந்த வருஷம் துக்கம், பொங்கல் வைக்கவில்லை. போன வருஷம் வைத்தோம். தெருவில் எந்த பைக் சத்தம் கேட்டாலும் என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்கு இனிமே சீரு கிடையாது இல்லீங்க?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள்.

இந்த வருஷம் அவளே மாந்தோப்புக்காரருக்கு போன் போட்டு, "அண்ணன் வாங்கற அளவுலயே குடுங்க" என்று சொல்லிவிட்டாள். கரிநாளன்று ஃபிளக்ஸ் துணியை விலக்கினோம். கறியைக் கம்பியில் கோத்து, இரண்டு பக்கமும் கம்பியிலேயே திருகால் பிடிக்கும் இரும்பு முள்ளைக் குத்தி இறுக்கி, மோட்டாரைப் போட்டேன். பாதிச் சுற்றில் கம்பி முனகிக்கொண்டு நின்றது. கறியின் தடித்த பக்கமும் நட்டும் ஒரே பக்கமாகக் கீழே கிடந்தன. என்ன செய்ய வேண்டுமென்று எனக்குத் தெரியும். ஸ்பேனரை எடுத்து நட்டில் மாட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது அண்ணன் முறுக்குனது."

"தெரியும்மா. இதைத் தளத்தாட்டி கம்பி சுத்தாது."

கரி கனன்று வீணாகிக்கொண்டிருந்தது. மோட்டாரைப் பிடுங்கிவிட்டு இன்னொரு வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவள் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணனுடைய குரலே வந்துவிட்ட மாதிரி சொன்னாள்: "நட்ட ஏங்க திருப்பறீங்க? கறியத் திருப்புங்க."

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். முள்ளின் திருகுகளை மட்டும் தளர்த்தி, தடித்த பக்கம் நட்டுக்கு எதிரே வரும்படி கறியைக் கம்பியில் திருப்பி இறுக்கினோம். சும்மா உருட்டிவிட்டுப் பார்த்தேன். லேசாக ஆடி, விட்ட இடத்திலேயே நின்றது. மோட்டாரைப் போட்டதும் கம்பி சுற்றத் தொடங்கியது. கறி கீழே இறங்க, நட்டு மேலே ஏறியது. நெய் சொட்டி, புகை கிளம்பி, அதே வாசனை வந்தது. அவள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அடுப்பை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். வெந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை.

இறக்கி, மூடிவைத்து, பொறுத்திருந்து வெட்டினோம். முதல் துண்டைக் கத்தி முனையில் எடுத்து அவள் தட்டில் வைத்தேன். ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டாள்.

"சீரு வந்துடுச்சுங்க" என்றாள்.

கரி ஆறியதும் கம்பியை அவள்தான் துடைத்தாள். கிளாம்ப்பின் பக்கம் வந்தபோது நட்டில் துணி படாமல் சுற்றி எடுத்தாள். நான் ஃபிளக்ஸைப் போர்த்தினேன்.