கிறிஸ்துராஜாவின் கரவனில் கரன்ட்

லண்டன் மோர்டனில் எங்கள் தெருவில் இருக்கும் கிறிஸ்துராஜா அண்ணை பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸில் ஒரு பல்ப் எரியாவிட்டாலும் டிப்போவுக்குப் போன் அடித்துவிட்டுக் கைகட்டி நிற்கிற மனிதர். அப்படிப்பட்டவர் போன மே மாதம் காருக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் பழைய கரவன் வண்டி ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தி, அதற்கு வயரிங் முழுவதையும் தானே செய்யப்போவதாக அறிவித்தார்.

பிளக்கில் பியூஸ் மாற்றியதுதான் அதுவரை அவருடைய அனுபவம். இத்தனைக்கும் அவர் மனைவி றஜீனாவின் தம்பி றஜீவ், செவன் கிங்ஸில் நல்ல பெயர் எடுத்த எலக்ட்ரீஷியன்.

"அவனைக் கூப்பிடுங்கோவன்" என்றார் றஜீனா அக்கா.

"மச்சானிட்டைப் போய் நிக்கிறதோ? யூடியூபிலை எல்லாம் கிடக்கு."

கரவன் வாங்கியது ஜூலையில் வோல்சிங்ஹம் மாதா கோயிலுக்குத் தமிழர்கள் போகும் யாத்திரைக்காக. முதல் நாளே போய் அங்கே ஒரு வயலில் தங்குவது திட்டம். வயலில் கரன்ட் கிடையாது. லைட், விசிறி, தண்ணீர்ப் பம்ப் எல்லாம் ஒரு பாட்டரியில்தான் ஓட வேண்டும்.

அக்கா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "வெளிக்கிடுற வெள்ளிக்கிழமை காலமை பைப்பைத் திறந்தால் தண்ணி வரோணும். வராட்டில் அண்டைக்கே இதை விக்கப் போடுவன்."

அண்ணை அன்றிரவே யூடியூபைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் கரவனை அவர் அவ்வளவு நேசித்தார். ஷிப்ட் முடிந்து வந்தால் வீட்டுக்குள் போகமாட்டார். கரவனுக்குள் காலை நீட்டி உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்.

டோர்ச் பிடிக்கும் வேலை எனக்கு. கையில் கிடைத்தது ஒரே ஒரு சிவப்பு வயர் ரோல் என்பதால் எல்லாக் கம்பியும் சிவப்பு. எது எங்கே போகிறது என்று தெரிய வேண்டாமா? அண்ணை டேப் ஒட்டிப் புனிதர்களின் பெயரை எழுதினார். பம்புக்கு அருளப்பர், விசிறிக்கு அந்தோனியார், லைட்டுகளுக்குச் செபஸ்தியார். நான் சிரித்ததற்கு ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மடுமாதா படத்துக்கு ஒரு விளக்கு. "வீட்டிலை மாதிரி இரவு பகலா எரியோணும். நூரக்கூடாது."

சுவிட்ச் வைத்தால் யாராவது கைதவறி நிற்பாட்டிவிடுவார்கள் என்று, அண்ணை அதை நேரே பாட்டரியில் கொழுவினார். பழைய காரின் பிரேக் லைட்டில் இருந்து கழற்றிய பல்ப். மாதா பளிச்சென்று இருந்தார்.

அன்று பிடித்தது சனி. ஞாயிற்றுக்கிழமை நிறையச் சார்ஜ் ஏற்றினால், புதன்கிழமை பாட்டரி செத்துக் கிடக்கும்.

"பாத்தியே, மாதாவின்ர விளக்கே நூந்துபோச்சு!" என்று அண்ணை பதறினார்.

அருளப்பரைக் கழற்றிப் பார்த்தோம். அந்தோனியாரைக் கழற்றிப் பார்த்தோம். செபஸ்தியாரும் தப்பவில்லை. மாதாவில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. பாட்டரி விற்றவனைப் போனில் கிழித்தெடுத்துப் புதிய பாட்டரி ஒன்று வாங்கினார். அதுவும் செத்தது.

வெளிக்கிடுவதற்கு முதல்நாள், வியாழன் பின்னேரம், அக்கா சொல்லாமல் கொள்ளாமல் தம்பியைக் கூப்பிட்டுவிட்டார். றஜீவ் மீட்டரோடு வந்து இறங்கியதும் அண்ணையின் முகம் செத்துப்போயிற்று. திரும்பச் சார்ஜ் ஏற்றியிருந்த பாட்டரியில் மீட்டரைக் கொழுவி, றஜீவ் எல்லாவற்றையும் நிற்பாட்டினான். மீட்டரில் எண் இறங்கவில்லை; இன்னும் எதுவோ கரன்ட் இழுத்தது. அண்ணாந்து படத்தைப் பார்த்தான்.

"அத்தான், இந்த விளக்குத்தான் குடிக்குது. ரெண்டு நாளிலை பாட்டரியை முடிச்சுப்போடும்."

அண்ணை மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நியாயம் அவர் பக்கம். வாயைத் திறந்தார்.

"ஒரு சொல்லுச் சொன்னியளெண்டால், இப்பவே விப்பன்" என்றார் அக்கா.

வாய் மூடிக்கொண்டது. றஜீவ் பல்பைக் கழற்றி, குண்டூசித் தலையளவு எல்ஈடி ஒன்றைப் பூட்டினான். இது மாதக் கணக்காக எரிந்தாலும் பாட்டரிக்குத் தெரியாதாம்.

அவனைக் கார் வரைக்கும் வழியனுப்பப் போனேன். கதவைத் திறந்தவன் என் காதோடு சொன்னான். "அக்கா விளக்குக் கேட்டதிலை ஒரு பிழையுமில்லை. பிரேக் லைட் பல்பை ஆராவது சாமிப் படத்துக்குப் போடுவினமே? அத்தான் பாவம். அக்காட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

மறுநாள் காலை பைப்பைத் திறந்தார்கள். தண்ணீர் கொட்டியது. கரவன் புறப்பட்டது.

பின்னேரம் வோல்சிங்ஹமில் இருந்து அண்ணையின் போன் வந்தது. எங்கோ மறைவில் நின்று பேசுகிறார் என்று தெரிந்தது. குரலை அடக்கினாலும் சந்தோஷத்தை அடக்க ஏலவில்லை.

"தம்பி, உண்மையைச் சொல்லு. என்ர வயரிங்கிலை ஒரு பிழையுமில்லைத்தானே?"

"ஓம் அண்ணை. றஜீவும் அப்பிடித்தான் சொன்னவன்" என்றேன்.