பாம்புக்காரியும் கல்லறைக்கொடியும்

நோரீன் வால்ட்ராப் எங்கள் பூங்காவுக்கு வேலைக்கு வந்த மார்ச் மாதம் லிக் ஓடை இரண்டு தடவை கரைபுரண்டது. அவளுடைய சாமான்களை நான்தான் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய், ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த பூங்கா வீட்டில் இறக்கினேன். ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, பதினாறு பெட்டி புத்தகம், கண்ணாடித் தொட்டியில் விஷமில்லாத ஒரு கரும்பாம்பு. ஆள் அவள் ஒருத்திதான்.

"வீட்டுக்காரர் பின்னால வர்றாரா?" என்று கேட்டேன்.

"அவர் வேற வீட்டுக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு, அண்ணே. பாம்புதான் இன்னும் போகல," என்றாள்.

அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. கென்டக்கி மாநிலத்தின் மேற்குக் கோடியில், மேடு என்று சொல்ல ஒரு மண்குவியல்கூட இல்லாத சோளக்காட்டு ஊர்க்காரி. அப்பா வழியில் யாரும் மிச்சமில்லை. அம்மா வழியில் ஒஹாயோவில் ஒரு சித்தி, கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவாள். எங்கள் மலைப் பக்கம் ஒருவரிடம் சொந்தபந்தத்தைக் கேட்டால் மாலை வரை போகும். ஒரே நிமிடத்தில் கேட்டு முடித்தது அவளிடம்தான்.

வருகிறவர்களுக்குக் காட்டையும், காட்டில் முன்பு குடியிருந்தவர்களையும் பற்றி எடுத்துச் சொல்வது அவள் வேலை. 'விளக்குநர்' என்று சட்டைப்பையின் மேல் தைத்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தோளில் பாம்பைப் போட்டுக்கொண்டு பேசியதால் ஊரில் அவளுக்குப் பாம்புக்காரி என்று பெயர் விழுந்தது. ஆரம்பத்தில் அது ஆசையாகச் சொன்ன பெயர்தான். சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஏரிக்கரைப் பெஞ்சுகளில் அவள் பேச்சு. யாரும் வராவிட்டால் கால்மணி நேரம் காத்திருந்து, வந்தவர் எவருமில்லை என்று எழுதிவிட்டுப் போகலாம் என்பது பூங்கா விதி. நான் அங்கே புல் வெட்டுகிறவன். மத்தியானம் கருவிக்கொட்டகைக்குப் பின்னால் இருந்த மரப்பெஞ்சில் என் சோள ரொட்டியும் பீன்ஸும், அவளுடைய கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியும் பாதிப் பாதி மாறும். அவள் வேறு யாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

வந்த முதல் அக்டோபரில் அவள் களை பிடுங்கும் நாள் ஒன்று வைத்தாள். அயல்நாட்டுச் செடிகள் காட்டை மூடிக்கொள்கின்றன என்று கல்லூரிப் பிள்ளைகள் எட்டுப் பேரை வரவழைத்து, லிக் ஓடைக்கு மேலே உள்ள சரிவுக்குக் கூட்டிப் போனாள். அந்தச் சரிவு முழுக்க, பனியிலும் வாடாத ஒரு கொடி படர்ந்திருக்கும். வசந்தத்தில் நீலமாகப் பூக்கும். அவளுக்கு அதன் புத்தகப் பெயர் தெரியும். எங்களுக்கு அது கல்லறைக்கொடி. செதுக்கிய கல்லுக்கு வழியில்லாத காலத்தில் எங்கள் ஆட்கள் ஓடைக்கல்லைத் தலைமாட்டில் நட்டு, மேலே இந்தக் கொடியைப் போட்டு மூடினார்கள். கல்லில் எழுத்து கிடையாது. பூங்கா வரைபடத்தில் அந்த இடத்தில் மரங்கள் மட்டும்தான் இருந்தன.

நான் பாதையோரம் புல் வெட்டிக்கொண்டு போனேன். மேலே அவர்கள் கொடியைக் கற்றை கற்றையாக இழுத்துப் பைகளில் திணிப்பது தெரிந்தது. எஞ்சினை நிறுத்தினேன்.

"அண்ணே, பாருங்க எவ்வளவு களை! ஐம்பது வருஷமா யாருமே கை வைக்கல போல," என்று நோரீன் கத்தினாள். முகமெல்லாம் மண், முகமெல்லாம் சந்தோஷம்.

நான் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, எஞ்சினைப் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

ஏன் போனேன் என்று இத்தனை வருடம் யோசித்திருக்கிறேன். எனக்கு நாலு வயதாக இருந்தபோது பூங்கா அமைக்க அரசாங்கம் எங்களை அந்த ஓடையிலிருந்து கிளப்பியது. என் தாத்தா அந்தச் சரிவில்தான் படுத்திருக்கிறார். எங்களை யாரும் எதுவும் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை, கேட்காதவர்களுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும் என்று ஒரு வீம்பு. கொடியைத்தானே பிடுங்குகிறார்கள், கொடி திரும்ப வரும் என்றும் ஒரு சமாதானம். கற்களையும் பெயர்த்து, கீழ்ப்பாதைக்கு வரம்பாக அடுக்கிவிட்டார்கள் என்பதை மறுநாள் வேலைக்குப் போனபோதுதான் பார்த்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

மே மாதக் கடைசி ஞாயிறு எங்களுக்கு அலங்கார ஞாயிறு. எல்லாச் சொந்தமும் பூவும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு கல்லறைக்கு வரும். வெர்லி அக்கா முன்னால் ஏறினாள். அவள் என் பெரியப்பா மகள். அவளுடைய முதல் குழந்தை ஓப்பல் நாலு நாள் இருந்தது. அவள் புருஷன் டில்லர்ட் ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தேடி எடுத்த தட்டைக்கல்தான் அதன் தலைமாட்டில் இருந்தது. அக்கா மேலே போய்ப் பார்த்தாள். கொடியும் இல்லை, கல்லும் இல்லை. கையில் இருந்த காகிதப் பூக்களைத் திரும்ப அட்டைப்பெட்டியில் அடுக்கிக் காரில் வைத்தாள். அன்று யாரும் சாப்பாட்டைப் பிரிக்கவில்லை.

"யார் பண்ணது?" என்று மட்டும் கேட்டாள்.

"பாம்புக்காரி," என்று யாரோ சொன்னார்கள். நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதோடு முடிந்தது. எங்கள் ஆட்கள் சண்டை போட மாட்டார்கள், பேச்சை நிறுத்திவிடுவார்கள். கடைக்கு நோரீன் போனால் பேசிக்கொண்டிருந்தவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடப் பேருந்து வருவது நின்றது. கூடாரம் போட்டுத் தங்க வரும் வெளியூர்க்காரர்கள் இலையுதிர்காலத்தில் போய்விட்டால், சனிக்கிழமைப் பெஞ்சுகள் காலி. ஒரு தடவை இரண்டே காலுக்கு நான் அந்தப் பக்கம் போனேன். கால்மணி தாண்டியும் அவள் போகவில்லை. பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, முழுப் பேச்சையும் காலிப் பெஞ்சுகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேள்வி ஏதாவது உண்டா என்றுகூடக் கேட்டாள். நான் மரத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன்.

தான் செய்தது என்னவென்று தெரிந்த வாரமே அவள் வெர்லி அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நாய் மட்டும் வெளியே வந்ததாம். இரண்டாம் தடவையும் நாய்தான்.

"நாய் பரவாயில்ல அண்ணே, வாலாட்டுது," என்றாள் என்னிடம்.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கீழ்ப்பாதையிலிருந்து ஒவ்வொரு கல்லாகத் தள்ளுவண்டியில் மேலே கொண்டு போனாள். நாற்பத்தொரு கல். மார்ச்சில், அறுபட்டுக் கிடந்த வேர்களிலிருந்து கொடி அங்கங்கே தலைநீட்டியது. முளைத்த இடத்திலெல்லாம் குச்சி நட்டு வெள்ளைத் துணி கட்டினாள். கொடி எங்கே இருந்தது என்று தெரிந்துவிட்டது. எந்தக் கல் எங்கே என்பதுதான் தெரியவில்லை. ஒரு நாள் பெஞ்சில் கேட்டாள்.

"அண்ணே, நீங்க இந்த ஓடைக்காரர்தானே? எந்தக் கல்லு எங்க இருந்துச்சுன்னு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

பதினெட்டுக் கல்லாவது கண்ணை மூடிக்கொண்டு காட்டியிருப்பேன். வருடா வருடம் பூ வைத்த இடம். ஆனால் காட்டினால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்: அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?

"சின்ன வயசுல கிளம்பினோம்மா. நினைவில்ல," என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, பாதி ரொட்டியை என் பக்கம் தள்ளினாள்.

அடுத்த அலங்கார ஞாயிறு வந்தது. கல்லறைக்கு ஏறும் மலைப்பாதைக்குக் குறுக்கே ஒரு சங்கிலி உண்டு. திறந்துவிட ஒரு பூங்கா ஆள் நிற்க வேண்டும். அதுவரை வருடா வருடம் நான்தான் நிற்பேன்; அன்று நோரீன் நின்றாள், இஸ்திரி போட்ட சட்டையில். கல் எல்லாவற்றையும் குவித்து வைத்திருக்கிறேன், எது உங்களுடையது என்று காட்டினால் நட்டுவிடுகிறேன் என்று சொல்வதற்கு அவள் எத்தனை தடவை பழகிப் பார்த்தாள் என்று எனக்குத்தான் தெரியும். இந்த முறையும் அவர்கள் காது கொடுக்காவிட்டால் வேறு பூங்காவுக்கு மாற்றல் எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

வெர்லி அக்காவுக்கு அப்போது எழுபத்தெட்டு. பேரன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நோரீன் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"டேய் ஆர்லிஸ், அந்தப் பாம்புக்காரியை அந்தாண்டை போகச் சொல்லு. என் புள்ளையைப் பார்க்கப் போறப்போ அவ மூஞ்சி எனக்கு வேண்டாம்."

நோரீன் சங்கிலிச் சாவியை என் கையில் வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். அவள் பத்தடி போயிருப்பாள். அந்த நடையைப் பின்னாலிருந்து பார்த்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, நான் பார்த்தேன்," என்றேன்.

"என்னத்தைப் பார்த்தே?"

"அவங்க புடுங்கறதை. பக்கத்துலதான் இருந்தேன். அவ என்னைக் கூப்பிட்டுக் காட்டவும் செஞ்சா, களைன்னு நெனச்சுக்கிட்டு. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பா. சொல்லல."

நோரீன் நின்றுவிட்டாள். திரும்பவில்லை.

"நம்ம தாத்தன் கல்லும் அங்கதானேடா இருந்துச்சு?"

"ஆமா."

"அதையும் புடுங்கட்டும்னு வண்டியில குந்திக்கிட்டுப் பார்த்தியாக்கும்."

"ஆமாக்கா."

"டில்லர்ட் எப்பவும் சொல்வார், உன் சித்தப்பா வீட்டுல வாய் எல்லாம் சாப்பிடத்தான்னு. நான்தான் சண்டைக்குப் போவேன்." அக்கா மூச்சு வாங்கினாள். சித்தப்பா என்றது என் அப்பாவை. பிறகு பாதையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏ பொண்ணே. பாம்புக்காரி. இங்க வா. இந்தப் பெட்டியைத் தூக்கு, பூ நசுங்காம. நீ இங்கயே நில்லுடா, சங்கிலியைப் புடிச்சுக்கிட்டு."

நோரீன் என்னைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

நான் கீழே நின்றேன். மேலே நடந்தது பேரன் பிறகு சொல்லித் தெரியும். இரண்டாகப் பிரிந்த மரத்திலிருந்து அக்கா ஏழு அடி எண்ணி நடந்தாளாம். அங்கே வெள்ளைத் துணி கட்டிய குச்சி சரியாக இருந்ததாம். குவியலில் நாலைந்து கல்லைத் தூக்கச் சொல்லி, அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்து, ஒன்றை மடியில் வைத்துக்கொண்டாளாம். அதுதான் டில்லர்ட் எடுத்த கல்லா என்று பேரன் கேட்டதற்கு, "இதுதான்னு நான் சொன்னா இதுதான்," என்றாளாம். நோரீன் முழங்காலிட்டுக் குழி தோண்டினாள். அதன் பிறகு சாப்பாட்டைப் பிரித்தார்கள். பொரித்த கோழி வாசனை கீழே வரை வந்தது. பாம்பு என்ன சாப்பிடும் என்று பிள்ளைகள் கேட்பதும், நோரீன் பதில் சொல்வதும், எல்லாரும் சிரிப்பதும் கேட்டது. எனக்கு யாரும் தட்டு கொண்டுவரவில்லை.

நோரீன் வேறு பூங்காவுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. இன்னும் ஏழு வருடம் எங்களோடுதான் இருந்தாள். பள்ளிக்கூடப் பேருந்து திரும்ப வந்தது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை அவள் பெஞ்சுக்கு வரவில்லை. அலுவலக ஜன்னலுக்குள், மேசைமேல் ரொட்டியை வைத்துத் தனியாகச் சாப்பிட்டாள். செவ்வாயும் அப்படித்தான். நான் சோள ரொட்டியில் பாதியை உடைத்து வைப்பேன், அணில் தின்னும். ஜூன் முழுக்க அணில்தான். அவள் பட்ட ஒரு வருடத்தில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்குப் பார்க்க எனக்குப் படிப்புப் போதாது.

ஜூலையில் ஒரு நாள் வந்தாள். பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தாள். நடுவில் இரண்டு ஆள் உட்காரலாம். ரொட்டியைப் பிரித்தாள், பாதியாக்கவில்லை.

"இந்தப் பூங்காவுல நான் தொடக்கூடாதது வேற என்னல்லாம் முளைச்சிருக்கு?" என்றாள், ஏரியைப் பார்த்துக்கொண்டே. "இப்பவே சொல்லிடுங்க."

படகுத்துறைக்குப் பின்னால் ஒரு ரோஜாப் புதர் உண்டு, எங்கள் பழைய வீட்டு வாசலில் அம்மா வைத்தது. அதிலிருந்து ஆரம்பித்தேன். அவள் நோட்டை எடுத்தாள்.